பழைய விண்ட்சர்ஃபிங் பாயின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

விண்ட்சர்ஃபிங் என்பது பலகை மேல் நின்று, அதில் பொருத்திய பாயைக் கையில் பிடித்துக் காற்றில் கடலில் ஓடுவது. அந்தப் பாயை விரிக்க முதலில் இடம் வேண்டும். நெல் காயப்போடும் களம் போதும். ஆடி மாதம் ராதாபுரம், வள்ளியூர் பக்கம் என்றால் காலையிலேயே விரித்துவிடுங்கள். வெயில் ஏறினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மூன்று மூலையிலும் மணல் மூட்டை வையுங்கள். கருங்கல் வேண்டாம், துணி தேயும்.

அப்புறம் துணியைத் தொட்டுப் பாருங்கள். நிறத்தையும் முத்திரையையும் பார்த்து வயது சொல்லாதீர்கள். நீல் பிரைட், காஸ்ட்ரா போன்ற பாய் நிறுவனங்களின் முத்திரைகள் பல பத்தாண்டுப் பாய்களில் இருக்கின்றன. நூல் இழை தெரிந்து, துணி போலவே மடிந்தால் அது டாக்ரான், அதாவது பாலியெஸ்டர் துணி. ஹோயில் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த விண்ட்சர்ஃபிங் பலகையின் பாயும் இந்த வகைதான். 70-களின் பாய் பெரும்பாலும் டாக்ரான். பிளாஸ்டிக் படலம் ஒட்டி மொரமொரவென்று இருந்தால் மைலார், அதாவது 80-கள். பெரும்பகுதி கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தால் மோனோஃபிலிம். அது 80-களின் கடைசியில் பரவியது. டாக்ரான் பாயிலும் பார்வைக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் உண்டு, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்து பேட்டன், பாயை விறைப்பாக வைக்கும் தட்டைக் கம்பு. பின்விளிம்பில் மட்டும் குட்டையாக இருந்தால் பழசு. மாஸ்ட் வரை, அதாவது பாயைத் தாங்கும் கம்பம் வரை, குறுக்கே ஓடினால் பிந்தியது. அதன் நுனியில் மாஸ்ட்டைக் கவ்வும் பிளாஸ்டிக் கவை இருந்தால் அது கேம்பர். அந்தப் பாய் 80-களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்காது.

இரண்டு பாய்களை ஒப்பிட, பரப்பளவு தெரிய வேண்டும். பிந்திய பாய்களில் சதுர மீட்டர் கணக்கு அச்சாகியிருக்கும். இல்லையென்றால் மாஸ்ட் நுழையும் விளிம்பை அளந்து, எதிர்மூலையிலிருந்து அதற்குச் செங்குத்தான தூரத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். 4.4 மீட்டரும் 2.4 மீட்டரும் என்றால் ஏறக்குறைய 5.3. பின்விளிம்பு வெளியே வளைந்திருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, பரப்பு ஒன்றென்றால் பாயும் ஒன்றா? இல்லை. கச்சான் காற்று குத்திக் குத்தி அடிக்கும்போது டாக்ரான் இழுபடும், அதன் வயிறு, அதாவது காற்றில் உப்பும் இடம், பின்னால் நகரும், பின்கை கடுக்கும். படலப் பாய் வடிவம் மாறாது. வள்ளத்தில் பாய் கட்டிப் பழகிய உவரிப் பெரியவர்களிடம் கேளுங்கள், பாயின் வயிறு எங்கே நிற்க வேண்டும் என்று கையாலேயே காட்டுவார்கள்.

கடைசியில் தையலை நகத்தால் கீறுங்கள். நூல் பொடிந்தால் அந்தப் பாய் பந்தலுக்குத்தான் ஆகும். மோனோஃபிலிமை மெல்ல வளைத்துப் பாருங்கள், வெயில் தின்றது விரிசல் விடும்.

புதிதாகப் பழகுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள டாக்ரான் போதும், மேலே விழுந்தாலும் கிழியாது. கேம்பர் பாயை அண்ணாச்சி சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாஸ்ட் நுழையும் அதன் அகல உறையில் தண்ணீர் ஏறினால் கடலிலிருந்து தூக்கி நிறுத்தவே முடியாது.