புண்ணுக்குத் தேன்: எந்தத் தேன், எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வெட்டும்போது கையில் கத்தி பட்டால் தேன் தடவுவது பழைய பழக்கம். காரணம் உண்டு. தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. அது கிருமியிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். புண்ணின் ஈரம் பட்டதும் தேனிலுள்ள நொதி கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். காய்ச்சிய தேனிலும் வெயிலில் வைத்த தேனிலும் இந்த நொதி கெட்டுப்போகும்.

தேனீப் பெட்டியிலிருந்து எடுத்த தேனை அப்படியே புண்ணில் ஊற்றாதீர்கள். அதில் நுண்ணுயிர் வித்துகள் இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது. நம்மூர்த் தேனில் நீர் அதிகம், சீக்கிரம் புளிக்கும். கதிர்வீச்சால் தூய்மையாக்கிய மருத்துவத் தேனை மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள்.

சிறிய, மேலோட்டமான காயத்தை ஓடும் நீரில் 5 நிமிடம் கழுவுங்கள். 10 செ.மீ. சதுரக் காஸ் துணியில் சுமார் 20 மி.லி. தேனை ஊறவிட்டு வையுங்கள். நேரடியாகத் தடவினால் வழிந்துவிடும். மேலே உலர்ந்த பஞ்சுப்பட்டை. தினமும் மாற்றுங்கள், கசிந்தால் அதற்கு முன்பே. ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சலைன் (தூய்மையாக்கிய உப்பு நீர்) விட்டு நனைத்து எடுங்கள். லேசான எரிச்சல் இயல்பு. எரிச்சல் தணியாவிட்டால் கழுவிவிடுங்கள்.

தேனீப் பிசினுக்கும் (புரோபோலிஸ், தேனீக்கள் மரப்பிசினைச் சேர்த்துக் கூட்டில் பூசுவது) கிருமியை அடக்கும் குணம் உண்டு, ஆனால் தோல் ஒவ்வாமை அதிகம். திறந்த புண்ணில் வேண்டாம்.

சர்க்கரை நோயாளியின் கால் புண், நாய்க்கடி, ஆழ்ந்த வெட்டு, சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு என்றால் தேனை நம்பி ஒரு நாளும் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போங்கள். கத்திக் காயத்துக்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.