இரட்டை இலக்கு மருந்தை எங்கிருந்து தொடங்குவது?

இரட்டை இலக்கு ஆன்டிபாடியின் வேலை கேட்பதற்குச் சுலபம்: ஒரு கை புற்றுச் செல்லைப் பிடிக்கும், மறு கை நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் டி செல்லில் இருக்கும் சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும், இரண்டையும் ஒட்டி நிறுத்திவிட்டால் கொல்லும் வேலையை டி செல்லே பார்த்துக்கொள்ளும். பி செல்களில் தோன்றும் ஒரு வகை ரத்தப் புற்றுக்கு 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளினாடுமோமாப் இப்படிப்பட்டதுதான். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைத்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படிக்க வேண்டும்.

முதலில் இலக்கு, அதாவது புற்றுச் செல்லில் மருந்து பிடிக்கும் புரதம். அந்தப் புரதம் இருக்கிற நல்ல செல்கள் எல்லாம் அழிந்தாலும் நோயாளி பிழைப்பாரா என்று கேளுங்கள். பிளினாடுமோமாபின் இலக்கான சிடி19 உள்ள பி செல்கள் போனால் தொற்று வரும், ஆனால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றிச் சமாளிக்கலாம். அக்யூட் மைலாய்டு லுகேமியா என்ற வேறொரு ரத்தப் புற்றில் சிடி33-ஐக் குறிவைத்தாலோ மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்கும் இளம் செல்களும் சேர்ந்து அடிவாங்கும்.

அப்புறம் பிடிமானம். இரண்டு கைகளும் ஒரே வலுவில் பிடிக்கக் கூடாது. பிளினாடுமோமாபில் சிடி3 பிடிப்பு, சிடி19 பிடிப்பைவிட ஏறக்குறைய நூறு மடங்கு தளர்வு. லேபில் மனித டி செல்களை சிடி19 உள்ள நால்ம்-6 என்ற ரத்தப் புற்றுச் செல்களோடு வைத்துச் சோதிக்கும்போது, சிடி19 இல்லாத செல்களோடும் கட்டாயம் ஒரு தட்டு வையுங்கள். அந்தத் தட்டிலும், டி செல் தூண்டப்பட்டால் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா ஏறுகிறதென்றால், எவ்வளவு ஆசையாகச் செய்த மூலக்கூறாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூலக்கூறின் அளவைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். வழக்கமான ஆன்டிபாடி 150 கிலோடால்டன், பிளினாடுமோமாப் 55 தான், ஆன்டிபாடியை ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கவைக்கும் எஃப்சி என்ற வால் பகுதியும் கிடையாது, அதனால் இரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும். விளைவு, நோயாளி 28 நாள் இரவும் பகலும் பம்ப்போடு இருக்க வேண்டும். நோய் திரும்பிவந்த பெரியவர்களுக்கு முதல் வாரம் நாளுக்கு 9 மைக்ரோகிராம், பிறகு 28. இத்தனூண்டு மருந்து பையின் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால், சலைன் பையில் முதலில் ஸ்டெபிலைசரை ஊற்றிவிட்டுத்தான் மருந்தைச் சேர்ப்பார்கள். குழாயையும் ஃப்ளஷ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிற்கும் மருந்து மொத்தமாக உடம்புக்குள் போய்விடும். மூலக்கூறை வரையும் நாளிலேயே இதையெல்லாம் ஒரு நர்ஸோடு உட்கார்ந்து பேசுங்கள். எஃப்சி வைத்த இன்னொரு இரட்டை இலக்கு மருந்தான டெக்லிஸ்டமாபைத் தோலுக்கடியில் ஊசியாகவே போட முடிகிறது.

முதல் டோஸ் எப்போதும் குறைவாக இருக்கட்டும். டெக்லிஸ்டமாப்கூடக் கிலோவுக்கு 0.06 மில்லிகிராம், 0.3, பிறகே 1.5 என்று ஏறுகிறது. டி செல்கள் ஒரேயடியாகத் தூண்டப்பட்டு வரும் கடும் அழற்சியான சைட்டோகைன் புயல் வந்தால், அதைத் தணிக்கக் கொடுக்கும் டோசிலிசுமாப் மருந்து கைவசம் இருக்க வேண்டும்.

நோய் திரும்பினால் அந்த மஜ்ஜை மாதிரியைப் பத்திரப்படுத்தி, செல்லின் மேலுள்ள புரதங்களைக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் சிடி19 இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். காணாமல் போயிருந்தால் பி செல்லின் இன்னொரு புரதமான சிடி22 இருக்கிறதா என்று தேடுங்கள்.