ஹோம் அசிஸ்டன்ட்டைப் புதிய கணினிக்கு மாற்றும் முறை: பேக்கப் கோப்பில் அடங்காதவற்றிலிருந்து தொடங்குங்கள்

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இயங்கும், வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட்டை ஒரு மினி பிசிக்கு மாற்ற முற்படுவோரில் பலர், பேக்கப் எடுத்துப் புதிய கணினியில் மீட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றே எண்ணுகிறார்கள். ஆட்டோமேஷன்கள், டாஷ்போர்டுகள், பயனர் கணக்குகள், ஆட்-ஆன்கள் எனப்படும் துணை மென்பொருள்களின் அமைப்புகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது சரிதான். கணினியின் செயலி (ப்ராசஸர்) ஏஆர்எம் வகையிலிருந்து எக்ஸ்86 வகைக்கு மாறினாலும் முழு பேக்கப்பை மீட்க முடியும்; ஆட்-ஆன்கள் புதிய செயலிக்கு உரிய வடிவில் தாமாகவே பதிவிறக்கப்படும். ஆனால் வீட்டிலுள்ள விளக்குகளும் சென்சார்களும் இந்தக் கட்டுப்பாட்டுக் கணினியை அடையாளம் கண்டுகொள்வதற்கான தகவல்கள் எல்லாம் அந்தக் கோப்பில் இருப்பதில்லை. ஒரு பகுதி, கருவிகளோடு கம்பியில்லாமல் பேசும் ரேடியோ டாங்கிளிலும், இன்னொரு பகுதி ரௌட்டர் வழங்கும் ஐபி முகவரியிலும் இருக்கிறது. ஆகவே திட்டமிடலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் டாங்கிள். ஜிக்பி என்பது விளக்குகளும் சென்சார்களும் பேசிக்கொள்ளும் ஒரு கம்பியில்லா முறை. அந்த வலையமைப்பின் அடையாளமான பான் எண், அதன் ரகசியச் சாவியான நெட்வொர்க் கீ, வலையமைப்பை நடத்தும் ஒருங்கிணைப்பியின் (அதாவது டாங்கிளின்) முகவரி ஆகியவை டாங்கிளின் நினைவகத்தில் பதிந்திருக்கின்றன. எனவே அதே டாங்கிளைப் பிடுங்கிப் புதிய கணினியில் செருகினால், கருவிகளைப் பொறுத்தவரை எதுவும் மாறியிருக்காது. கணினியையும் டாங்கிளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பழைய டாங்கிளோடு கணினியை மட்டும் முதலில் மாற்றுங்கள். எல்லாம் சீராக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, தேவையென்றால் டாங்கிளை மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு ஒரு சென்சார் பதில் சொல்லாமல் போனால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதிலேயே பொழுது போய்விடும்.

ராஸ்பெர்ரி பையின் பலகையில் உள்ள ஜிபிஐஓ இணைப்பு ஊசிகளின் மேல் பொருத்தும் ரேடியோ அட்டையை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. மினி பிசியில் அதைச் செருக இடமிருக்காது. அவர்கள் பழைய கணினி இயங்கும்போதே புதிய யுஎஸ்பி டாங்கிளை அதில் செருகி, ஹோம் அசிஸ்டன்ட்டின் சொந்த ஜிக்பி இணைப்பான இசட்எச்ஏ-வின் அமைப்புகளில் உள்ள ரேடியோ இடமாற்ற வசதியின் மூலம் வலையமைப்பை அதற்கு நகர்த்திக்கொள்வது நல்லது. அப்போது பழைய ரேடியோவின் முகவரியும் புதியதில் எழுதப்படும். சிலிக்கான் லேப்ஸ் சிப் கொண்ட சில டாங்கிள்களில், பழைய ஃபர்ம்வேர் (டாங்கிளுக்குள் இயங்கும் மென்பொருள்) இருந்தால், இந்த முகவரியை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால், முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இடமாற்றம் முடிந்தபின் பழைய ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஒரே அடையாளத்தோடு இரண்டு ஒருங்கிணைப்பிகள் ஒரே வீட்டில் ஒலிபரப்பினால் வலையமைப்பு குழம்பிப்போகும். இசட்எச்ஏ-வுக்குப் பதிலாக ஜிக்பி2எம்க்யூடிடி என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர், இரண்டு டாங்கிள்களும் ஒரே சிப் குடும்பத்தைச் சேர்ந்தவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வேறாக இருந்தால் கருவிகளை மீண்டும் இணைக்க வேண்டிவரலாம்.

ஜிக்பியைப் போன்ற மற்றொரு கம்பியில்லா முறையான இசட்-வேவில் தகவல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எந்தெந்தக் கருவிகள் சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியல் டாங்கிளிலும், எஸ்0, எஸ்2 பாதுகாப்புச் சாவிகள் ஆட்-ஆனின் அமைப்புகளிலும் இருப்பதால், சாவிகளைத் தனியே படியெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, முகவரி. ரௌட்டரில் ஐபி முகவரியை ஒதுக்கி வைத்திருந்தால், அந்த ஒதுக்கீடு பழைய கணினியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். புதிய கணினிக்கு வேறு மேக் முகவரி என்பதால் ரௌட்டர் அதற்கு வேறு ஐபியைக் கொடுக்கும். இஎஸ்பிஹோம் மென்பொருள் இயங்கும் கருவிகளுக்குப் பொதுவாக இதனால் பாதிப்பில்லை. அவற்றை ஹோம் அசிஸ்டன்ட்தான் தேடிச் சென்று இணைக்கிறது. டாஸ்மோட்டா மென்பொருள் இயங்கும் பிளக்குகளின் நிலை வேறு: இதே கணினியில் ஓடி, கருவிகளின் செய்திகளைக் கைமாற்றும் எம்க்யூடிடி சேவையகத்தின் ஐபியை எண்ணாகவே அவற்றில் எழுதி வைத்திருந்தால், முகவரி மாறியவுடன் அவை அத்தனையும் ஒரே நேரத்தில் மௌனமாகிவிடும். ஒவ்வொரு பிளக்காகத் திறந்து திருத்துவதைவிட, ரௌட்டரில் ஒதுக்கீட்டின் மேக் முகவரியைத் திருத்திப் பழைய ஐபியையே புதிய கணினிக்குத் தருவது எவ்வளவோ மேல். ரௌட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து அணுகுவோருக்கும் இதுவே வழி.

இனி பேக்கப். பழைய கணினியில் ஹோம் அசிஸ்டன்ட்டைச் சமீபத்திய பதிப்புக்கு முதலில் புதுப்பியுங்கள். புதிய கணினியிலும் சமீபத்திய பதிப்பே இருக்கட்டும்; புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் மீட்பது ஒத்துவராது. வரலாற்றுத் தரவுத்தளம் இயல்பாக 10 நாள் பதிவுகளையே வைத்திருக்கும். அதை நீட்டித்திருந்தால் கோப்பு ஜிகாபைட் கணக்கில் வீங்கியிருக்கும், வேண்டாததை அழித்துச் சுருக்கிவிட்டு முழு பேக்கப் எடுங்கள். எடுத்த கோப்பை வேறொரு கணினிக்குப் பதிவிறக்கம் செய்யுங்கள். 2025-ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்து தானியங்கி பேக்கப்புகள் இயல்பாக மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படுகின்றன. அதற்கான சாவி அடங்கிய அவசரகாலக் கோப்பை பேக்கப் அமைப்புகளிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளாமல் பழைய கணினியை அழித்துவிட்டால், கையில் இருக்கும் மறையாக்கம் செய்யப்பட்ட பேக்கப்பைத் திறக்க வழியே இல்லை.

மினி பிசியின் தொடக்க அமைப்பான பயாஸில் யுஇஎஃப்ஐ தொடக்க முறையை இயக்கி, செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, எக்ஸ்86-64 கணினிகளுக்கான ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளப் படிமத்தை அதன் உள்வட்டில் எழுதுங்கள். அதில் ஏற்கெனவே உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். பிறகு பழைய கணினியை முறையாக நிறுத்தி, டாங்கிளைப் பிடுங்கிப் புதிய கணினியில் செருகி, ரௌட்டர் ஒதுக்கீட்டைத் திருத்தி, புதிய கணினியை இயக்குங்கள். உலாவியில் 8123 போர்ட்டில் வரவேற்புப் பக்கம் தோன்றும்போது புதிய கணக்கு எதையும் உருவாக்காமல், பேக்கப்பிலிருந்து மீட்கும் வழியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை ஏற்றுங்கள். பெரிய பேக்கப் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்; இடையில் பக்கம் பதிலளிக்காமல் நின்றாலும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். முடிந்தபின் பழைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டே உள்நுழையலாம்.

ஜிக்பி மட்டும் எழவில்லையென்றால், டாங்கிளின் பாதையை (அமைப்பில் அது குறிக்கப்படும் பெயரை) முதலில் பாருங்கள். டிடிஒய்-யுஎஸ்பி-0 போன்ற பெயர் செருகும் வரிசையைப் பொறுத்து மாறக்கூடியது. டாங்கிளின் வரிசை எண் இடம்பெறும் நிலையான பாதையை அமைப்பில் கொடுத்தால் அந்தத் தொல்லை இராது. பாதை சரியாக இருந்தும் கருவிகள் விட்டுவிட்டு வந்தால், டாங்கிள் யுஎஸ்பி 3.0 துளையில் நேரடியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். அத்துளைகள் எழுப்பும் மின்னிரைச்சல் ஜிக்பி பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ஒரு நீட்டிப்புக் கம்பியால் டாங்கிளைக் கணினியிலிருந்து தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்டரியில் இயங்கும் சென்சார்கள் உறக்கத்தில் இருப்பவை; அவற்றின் பொத்தானை ஒருமுறை அழுத்தி எழுப்புங்கள், உடனே நீக்கிச் சேர்க்க முனைய வேண்டாம்.

பழைய எஸ்டி கார்டை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. ராஸ்பெர்ரி பையை வேறு வேலைக்கு எடுக்கும்போது அந்தக் கார்டோடு இயக்கிவிடாதீர்கள். பழைய ஆட்டோமேஷன்கள் விழித்துக்கொண்டு, புதிய கணினி அணைத்த வைஃபை விளக்குகளைத் தம் போக்கில் ஏற்றத் தொடங்கிவிடும்.