ஆச்சியிடம் கதை கேட்பது எப்படி

எங்கள் வீட்டுக் கன்னி மூலையில் ஒரு பனை ஓலைப்பெட்டி இருக்கிறது. உள்ளே பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், மஞ்சள். வருஷத்துக்கு ஒரு தடவை துணி மாற்றி, பொங்கலிட்டுக் கும்பிடுவோம். ‘கன்னி’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவள் ஆச்சியின் அக்கா என்பதும், கல்யாணத்துக்கு முன்னால் கிணற்றில் விழுந்து செத்தவள் என்பதும் முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. பேர் தெரிய இன்னும் மூன்று வருஷம் ஆனது.

நெல்லைப் பக்கம் இப்படிப் பெட்டி இருக்கிற வீடுகள் உண்டு. ஊர் எல்லை இசக்கியம்மன்களிலும் பலர் கொலையுண்டவர்கள், நிறைசூலியாகச் செத்தவர்கள் என்று வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். கொடை கொடுத்துக் கும்பிட்ட பிறகு, யார் செய்தது, ஏன் செய்தது என்று ஊர் கேட்பதில்லை. கும்பிடுவதும் மறப்பதற்கு ஒரு வழிதான் என்பது என் எண்ணம். அந்த ஆத்திரத்தில்தான் போனைத் தூக்கிக்கொண்டு ஆச்சிமாரிடம் கதை கேட்கப் போனேன். தப்புப் பண்ணித் தப்புப் பண்ணிக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், ‘உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். “எனக்கு என்னட்டி தெரியும்? மாமாட்ட கேளு” என்று பதில் வரும். மாமாவும் திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். படத்துக்குச் சட்டம் போடுகிற மாதிரி, ஞாபகத்துக்குச் சட்டம் போடுவது நாம் சேர்ந்திருக்கிற கூட்டம்தான் என்று மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925இல் எழுதினார். எங்கள் வீட்டில் சட்டம் போடுகிறவர் மாமா. ஆச்சி ஒரு வரி சொன்னால் அவர் இரண்டு வரி திருத்துவார். இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையை வாழ்ந்த பெண்களிடம் பேசிப் பதிந்த ஊர்வசி புட்டாலியாவும் இதே பாட்டைப் பட்டிருக்கிறார்: பெண்ணிடம் கேட்டால் ஆண் பதில் சொல்வது. நான் கண்ட வழி, மாமாவுக்குத் தனியாக ஒரு வேலை கொடுப்பது. குடும்ப மரம் எழுதித் தரச் சொன்னேன். நோட்டோடு உட்கார்ந்துவிட்டார். ஏழு தலைமுறை ஆண்கள் பெயர் வந்தது, பெண்கள் பெயர் நான்கு. அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதுவும் ஒரு சாட்சிதானே.

ஆச்சிக்குக் கை வேலை இருக்கும்போது போங்கள். எங்கள் அம்மா, மதினி, பக்கத்து வீட்டுப் பெரியம்மை எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டு, கையில் கத்தரி, இலை வெட்டும் சத்தம். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை என்பதால் வாய் தானாகத் திறக்கும். பதிவில் கத்தரிச் சத்தம் விழும், விழட்டும். மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு நல்ல நேரம். சாயங்காலம் பீடிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போகிற அவசரத்தில் எதுவும் கேட்காதீர்கள்.

அப்புறம், நிகழ்ச்சியைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். “இந்தப் பத்தமடைப் பாய் யார் கல்யாணத்துக்கு வந்தது?” “இந்த டிரங்குப் பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருந்தது?” பீடி பாஸ்புக் கிடைத்தால் விடாதீர்கள். நிலம், வீடு எல்லாம் ஆண்கள் பேரில் இருக்கிற குடும்பத்தில், இவள் உழைத்தாள் என்று அவள் பேர் போட்ட காகிதம் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாஸ்புக்கை நம்பி மட்டும் எழுதாதீர்கள். ஒரு பேரில் மூன்று பெண்கள் சுற்றியிருப்பார்கள். யார் யார் என்று கேளுங்கள். அங்கேதான் கதை இருக்கிறது.

வருஷம் கேட்டால் வராது. “மூத்தவன் கைப்பிள்ளை” என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளம், சாவு, தேர்தல் என்று நெருங்க வேண்டும். இந்திரா காந்தி செத்தது 1984, எம்ஜிஆர் 1987, தாமிரபரணி வெள்ளம் 1992. இந்த மூன்றை வைத்தே பாதிக் கணக்கு முடிந்துவிடும். பழைய பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்று இருந்தால் குழம்பாதீர்கள்: தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல்.

1999 ஜூலை 23 பற்றிக் கேட்பது வேறு மாதிரி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தி, ஆற்றில் 17 பேர் செத்த நாள். வருஷா வருஷம் ஆற்றில் பூத் தூவுகிறார்கள், தலைவர்கள் பேசுகிறார்கள். அன்றைக்கு ஊர்வலத்தில் நடந்த ஒரு அம்மாவிடம் நானாக எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது, செருப்பு தொலைந்ததைச் சொன்னார். செருப்பைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். நான் குறுக்கே கேட்கவில்லை.

“இத எழுதிராத” என்று சொன்னால் போனை அணைத்துவிடுங்கள், அவர்கள் கண் முன்னால். ஒரு தடவை சம்மதம் வாங்கினால் போதாது; எழுதி முடித்து வாசித்துக் காட்டி மறுபடியும் கேளுங்கள். கன்னியின் பேரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். ஆச்சி வேண்டாம் என்றாள்.

எழுதும்போது ‘வந்தாவ’ என்பதை ‘வந்தார்கள்’ என்று மாற்றாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சமாதானம் பண்ணி ஒன்றாக்காதீர்கள். நான் முதலில் பண்ணினேன், பெரியம்மை வாசிக்கக் கேட்டுவிட்டு, “இது யாரு சொன்னது? நான் சொல்லல்ல” என்றாள்.

பிரதி எடுத்து இன்னொரு வீட்டில் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்து, போன் போனது. பதினோரு பதிவில் நாலு போய்விட்டது. அதில் ஒன்று கிணற்றுக் கதை. அழாத குறையாக ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். “போனாப் போகுது. நான் இருக்கேன்லா, இன்னொரு தடவ கேளு” என்றாள். கேட்டேன். முதல் தடவை, “கால் வழுக்கிட்டு” என்று சொல்லியிருந்தாள். என் நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. இந்தத் தடவை கிணற்றைப் பற்றி ஆரம்பித்து, முந்தின நாள் ராத்திரி வீட்டில் நடந்த சண்டைக்குப் போனாள். கால் வழுக்கியது வரவே இல்லை. நோட்டையும் புதுப் பதிவையும் ஒரே உறையில் போட்டு, மதினி மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.