மெஷின் லேர்னிங் ஆய்வு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருடைய கட்டுரைகளைப் படிப்பது எப்படி

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பேராசிரியரின் பக்கத்தில் உள்ள ‘ஆய்வு ஆர்வங்கள்’ பட்டியலைத்தான். அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்காதீர்கள். பல ஆண்டுகளாக யாரும் திருத்தாமல் கிடக்கிற பட்டியல்கள் ஏராளம். இப்போது அவர் மனம் எதில் இருக்கிறது என்பதை அவருடைய கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகள்தான் காட்டும்.

கணினி அறிவியல் கட்டுரைகளைப் பட்டியலிடும் டிபிஎல்பி (DBLP) தளத்தில் தொடங்குங்கள். கட்டுரைகள் ஆண்டுவாரியாகக் கிடைக்கும். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருந்தால் குழம்ப வேண்டாம். ‘சிஓஆர்ஆர்’ (CoRR) என்று குறித்திருப்பது ஆர்க்கைவ் (arXiv) என்ற பொதுத் தளத்தில் ஏற்றிய முன்வரைவு, மற்றது மாநாட்டிலோ ஆய்விதழிலோ வெளியானது. கூகுள் ஸ்காலர் மேற்கோள் எண்ணிக்கைப்படி அடுக்கித் தரும் என்பதால் பழைய புகழ்தான் முதலில் கண்ணில் படும். ‘ஆண்டு’ என்பதைச் சொடுக்கி வரிசையை மாற்றுங்கள். அதே பெயருள்ள இன்னொருவரின் கட்டுரைகள் அதில் கலந்திருப்பதும் உண்டு. கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் எச்-இன்டெக்ஸுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். வயது ஏற ஏற அது கூடுமே தவிரக் குறையாது.

அடுத்து, கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர் வரிசை. இத்துறையில் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் பொதுவாக முதலில் வருவார், வழிகாட்டி கடைசியில். கோட்பாட்டுக் கட்டுரைகளில் அகரவரிசை வழக்கம் இருப்பதால் அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பேராசிரியர் கடைசிப் பெயராக உள்ள கட்டுரைகளைத் தனியே எடுத்து, அவற்றின் முதல் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே மாணவர் நான்கைந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்து, அவருடைய கேள்விகள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்திருந்தால், அங்கே உண்மையான வழிகாட்டல் நடக்கிறது. ஒருமுறை வந்து மறைகிற பெயர்களே நிறைந்திருந்தால் காரணம் தேடுங்கள். அவர்கள் முதுகலை மாணவர்களாகவோ பயிற்சிக்கு வந்தவர்களாகவோ இருக்கலாம். பழைய மாணவர் ஒருவரிடம் கேட்பதே நல்லது.

இனி ஒரு கட்டுரையையாவது ஊன்றிப் படியுங்கள். இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். சுருக்கத்தைப் படித்ததும் நேராகச் சோதனை அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு எண்ணும் எத்தனை ரேண்டம் சீட்களின் (சோதனையின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்களின்) சராசரி? பிழை வரம்பு தந்திருக்கிறார்களா, அது திட்ட விலக்கமா (முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு உறுதியற்றது என்பது)? ஒரே ஓட்டத்தில் கிடைத்த 0.3 சதவீத முன்னேற்றம் சீட் மாறினால் காணாமல் போகலாம். ஒப்பிடும் பழைய முறைக்கும் அதே அளவு ஹைப்பர்பாராமீட்டர் (பயிற்சிக்கு முன் நாமே தேர்ந்தெடுக்கும் அமைப்பு எண்கள்) தேடல் நடந்ததா என்பதைப் பின்னிணைப்பில் பாருங்கள். சொந்த முறையை மட்டும் சீராட்டிவிட்டுப் பழையதை அப்படியே ஓடவிடுவதுதான் இத்துறையின் பெரிய நோய். 2021-இல் நியூரிப்ஸ் (NeurIPS) மாநாடு அறிமுகப்படுத்திய சரிபார்ப்புப் பட்டியல் இத்தகைய கேள்விகளைத்தான் கேட்கிறது. ஐசிஎல்ஆர் (ICLR) மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை என்றால், நிராகரிக்கப்பட்டிருந்தாலும் மதிப்புரைகளும் பதில்களும் ஓப்பன்ரிவ்யூ (OpenReview) தளத்தில் கிடைக்கும். குறையைச் சுட்டியபோது புதிய சோதனை செய்து காட்டினார்களா, வார்த்தையால் மழுப்பினார்களா என்பது அங்கே தெரிந்துவிடும்.

ஆர்வம் மாறுவதைக் குறையாக எண்ண வேண்டாம். 1990-களில் சப்போர்ட் வெக்டர் மெஷின், கர்னல் முறைகள் ஆகிய மெஷின் லேர்னிங் உத்திகளுக்காக அறியப்பட்ட ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் ஷோல்காஃப் பின்னர் காரண-காரியத் தொடர்பு ஆய்வுக்கு நகர்ந்தார். இப்படி நகர்கிறவர் எந்தக் கேள்வியைத் துரத்திப் போகிறார் என்று பாருங்கள். ஆண்டுதோறும் தலைப்பு மட்டும் மாறி, முறையும் கேள்வியும் எங்கும் நிலைக்காதவரிடம் சேர்ந்தால், ஆய்வேடு எழுதும் நேரத்தில் உங்கள் கட்டுரைகளை ஒன்றாகக் கோப்பது பெரும்பாடாகிவிடும்.

பேராசிரியர் ஏதாவது தனியார் நிறுவனத்திலும் பகுதிநேரமாக வேலை செய்கிறார் என்றால் மாணவர்களை வாரத்துக்கு எத்தனை முறை சந்திப்பார், ஜிபியு (மாடல்களைப் பயிற்றுவிக்கும் வேகச் சில்லு) வசதி யாருடையது, நிரலை வெளியிட அனுமதி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் 150 சொற்களைத் தாண்ட வேண்டாம். ‘உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது’ என்ற வரி எல்லாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் உறைக்காது. நீங்கள் ஊன்றிப் படித்த கட்டுரையின் ஒரு குறிப்பிட்ட அட்டவணையைச் சுட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தச் சோதனையை நீங்களே ஓட்டிப் பார்த்திருந்தால், கிடைத்த எண்ணையும் எழுதுங்கள். ஐசிஎம்எல் (ICML) மாநாட்டுக்குப் பெரும்பாலும் ஜனவரி இறுதி, நியூரிப்ஸுக்கு மே மாதம், ஐசிஎல்ஆருக்குச் செப்டம்பர் இறுதி என்று கட்டுரை அனுப்பும் கெடுநாள்கள் நெருங்கும் இரண்டு வாரங்களில் அனுப்பாதீர்கள்.