லாஜிக் சொற்களில் நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்: தத்துவம், கோட், சர்க்யூட்

தத்துவ வகுப்பில் வரும் 'அல்லது', சி என்ற கணினி மொழியில் 'அல்லது'வுக்குப் போடும் || குறி, பிரெட்போர்டில் (சர்க்யூட்டைச் சோதிக்கும் துளைப் பலகை) செருகும் 7432 என்ற 'அல்லது' ஐசி மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றுதான். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1847-ல் தருக்கத்தை அல்ஜீப்ராவாக எழுதினார். 1937-ல் எம்ஐடி மாணவர் கிளாட் ஷானன் தன் முதுகலை ஆய்வேட்டில் அதே அல்ஜீப்ரா ரிலே சுவிட்சுகளுக்கும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) பொருந்தும் என்று காட்டினார். சொற்கள் மூன்று துறைக்கும் பொதுவாகிப் போனது இப்படித்தான். ஆனால் ஒரு துறையில் படித்த அர்த்தத்தை அப்படியே அடுத்த துறைக்கு எடுத்துப் போகிறோம் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் அதிகமாகப் பார்க்கும் தவறு, 'இல்லை'யும் 'அல்லது'வும் சேரும் இடம். சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அலாரம் அடிக்க வேண்டும், சனிக்கு 6, ஞாயிறுக்கு 7 என்று வைத்துக்கொள்வோம். பலர் எழுதுவது: (நாள் != 6 || நாள் != 7). இதில் != என்றால் 'சமம் இல்லை'. படிக்கும்போது சரியாகத்தான் தோன்றும். சனிக்கிழமையை வைத்துப் பாருங்கள்: 6 என்பது 6 இல்லை, இது பொய், 6 என்பது 7 இல்லை, இது உண்மை, 'அல்லது'வுக்கு ஒன்று உண்மையானால் போதும் என்பதால் சனிக்கிழமையும் அலாரம் அடிக்கும், ஏழு நாளும் அடிக்கும். அங்கே வர வேண்டியது &&, அதாவது இரண்டும் உண்மையாக வேண்டும் என்ற 'மற்றும்'. 'இரண்டில் ஒன்று' என்பதை மறுத்தால் 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை' என்று ஆகிவிடும். இதைத்தான் டி மார்கன் விதி என்கிறோம். அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் நம் மதுரையில் பிறந்தவர், இதைச் சொல்லித் தராமல் அந்த விதியை நடத்தவே கூடாது என்பது என் கட்சி. இதே மாதிரி இன்னொரு தவறு, 'நாள் 6 அல்லது 7-க்குச் சமமா' என்று கேட்க நினைத்து (நாள் == 6 || 7) என்று எழுதுவது. சி மொழியில் பூஜ்யம் அல்லாத எந்த எண்ணும் உண்மைதான், அதனால் தனியாக நிற்கும் அந்த 7 எப்போதும் உண்மை, மொத்த நிபந்தனையும் எப்போதும் உண்மை.

அப்புறம், வெறும் 'அல்லது'. டீ அல்லது காபி என்று பேச்சில் கேட்டால் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறோம். தருக்கத்தின் 'அல்லது' இரண்டும் சேர்ந்திருந்தாலும் உண்மை என்றே சொல்லும். ஒன்று மட்டும் என்று வேண்டுமானால் அது எக்ஸ்-ஆர். மாடிப்படியில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்து ஒரே விளக்கை எரிய வைக்கிறோமே, அந்த வயரிங் எக்ஸ்-ஆர்தான்.

'என்றால்' விஷயத்தில் பழைய நியாய சாத்திரக்காரர்கள் (இந்தியத் தருக்க மரபினர்) நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு, சரி. அதற்காக நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிப் போட முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று அவர்கள் உதாரணம் காட்டினார்கள், புகைக்கு ஈர விறகும் வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். புரோகிராம் கோடில் வரும் இஃப் (if) இதிலிருந்து வேறு. அது ஒரு கட்டளை, நிபந்தனை பொய்யானால் தாண்டிப் போய்விடும், அவ்வளவுதான். தருக்கத்தில் 'அ என்றால் ஆ' என்பது ஒரு கூற்று. அ பொய்யாக இருந்தால் அந்தக் கூற்று உண்மை என்றே கணக்கு. கோட் எழுதிப் பழகியவர்கள் மெய்ம்மை அட்டவணையில் (உண்மை, பொய்யின் எல்லாச் சேர்க்கைக்கும் விடை எழுதும் அட்டவணை) இந்த வரிசையைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

எலக்ட்ரானிக்ஸில் பெரிய குழப்பம், 1 என்றால் 5 வோல்ட், 0 என்றால் சுழி வோல்ட் என்று நினைப்பது. டிடிஎல் என்ற வகை ஐசியின் உள்ளீட்டில் 0.8 வோல்ட் வரை தாழ்நிலை, 2 வோல்ட்டும் அதற்கு மேலும் உயர்நிலை, இடைப்பட்டது எது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஒயர் இணைக்காத ஐசி கால் (பின்) 0 என்று நினைப்பது அடுத்த தவறு. சீமாஸ் என்ற இன்னொரு வகை ஐசியில் அப்படி விட்ட உள்ளீட்டுக் கால், பக்கத்தில் கை கொண்டு போனாலே மாறும். பயன்படுத்தாத உள்ளீடுகளை கிரவுண்டுக்கோ சப்ளைக்கோ கட்டிவிடுங்கள்.

உயர்நிலைதான் 'உண்மை' என்பதும் நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அழுத்தாதபோது காலை உயர்நிலையில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனையை கிரவுண்டுக்குக் கட்டிய பட்டனை அழுத்தினால் மைக்ரோகன்ட்ரோலர் 0 என்று படிக்கும், 'அழுத்தியாச்சு' என்பதற்கு அங்கே 0தான் அடையாளம். கணினிகளை மோடம் போன்றவற்றோடு இணைத்த பழைய ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பில் 1 என்பது எதிர்மறை மின்னழுத்தம். தாழ்நிலையை உண்மை என்று எடுத்துக்கொண்டால், 7408 ஐசியில் இருக்கும் அண்ட் ('மற்றும்') கேட் ஆர் ('அல்லது') கேட்டாக வேலை செய்யும். சந்தேகமாக இருந்தால் மெய்ம்மை அட்டவணையின் நான்கு வரிசையையும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள், டி மார்கன் அங்கேயும் வந்து நிற்பார். டேட்டாஷீட்டில் (ஐசியின் விவரக் குறிப்பு) காலின் பெயருக்கு மேல் ஒரு கோடு இருந்தால் அந்தக் கால் தாழ்நிலையில் வேலை செய்யும் என்று பொருள். ரீசெட் காலில் இதைக் கவனிக்காமல் விட்டால் சிப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

உண்மை, பொய் இரண்டுதான் என்று நம்பி டேட்டாபேஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் மூன்றாவதாகத் 'தெரியாது' என்று ஒன்று உண்டு. மதிப்பே இல்லாத 'நல்' புலத்தை இன்னொரு நல்லோடு ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, தெரியாது. 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கும் 'நாட் இன்' (NOT IN) பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் புகுந்துவிட்டால் ஒரு வரிசைகூடத் திரும்பி வராது, எரர் செய்தியும் வராது. பட்டியல் சப்-கொரியிலிருந்து (கேள்விக்குள் இருக்கும் இன்னொரு கேள்வி) வருகிறது என்றால் முதலில் நல்லை வடிகட்டுங்கள், அல்லது 'அப்படி ஒரு வரிசை இல்லை' என்று கேட்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' (NOT EXISTS) போட்டு எழுதுங்கள்.