நெல் தூற்றும் களத்தைத் துணியில் தைப்பது எப்படி

துணித்துண்டுகளை வெட்டி அடித்துணியில் வைத்துத் தைக்கும் படம் இது. அதற்கு ஒரு கணத்துக் காட்சி போதும். முல்லைத்தீவுப் பக்கத்து முத்தையன்கட்டில் உள்ள வீட்டு வளவு முழுவதையும் தைக்கப் புறப்பட்டால் கிணறு, பட்டி, பனை, படலை எல்லாம் நெருக்கியடித்து ஒன்றும் துலங்காது. அம்மம்மா களத்தில் நெல் தூற்றுகிறார் என்று எடுத்துக்கொள்வோம். இடப்பெயர்வில் அல்பம் தொலைந்த வீடென்றால் மூத்தவர்களிடம் கேளுங்கள்: காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது? களத்திலிருந்து குளக்கட்டு தெரிந்ததா? சேலையை எப்படிச் செருகியிருந்தார்? காற்றின் திசை கட்டாயம் தெரியவேண்டும். பதர் பறக்கும் பக்கம் பிழைத்தால், களம் கண்டவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அடித்துணி தடித்த பருத்தி, 50×40 செ.மீ. படம் 40×30க்குள் அடங்கட்டும். மிச்சம் ஓரம் மடிக்க. மேலே வைத்துத் தைக்கும் ஒட்டுத்துண்டுகளுக்குப் பழைய சாரமும் (லுங்கி) சட்டையும் நல்லவை, அவை சுருங்கி முடிந்தவை. புதுத்துணியைத் துவைத்த பிறகே வெட்டுங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடும். ஈரத்துண்டை வெள்ளைத்துணியில் வைத்து ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் விலக்கிவிடுங்கள். நைலெக்ஸ் என்ற நைலோன் சேலை வழுக்கும், சூட்டில் உருகும். வேண்டுமென்றால் மெல்லிய பருத்தியில் இணைத்துத் தைத்துவிட்டு வெட்டலாம்.

கோடுகளைப் பென்சிலால் மட்டும் போடுங்கள். பேனா மை நனைந்தால் ஊறிப் பரவும்.

தூரத்தில் இருப்பதை முதலில் தைக்கவேண்டும்: வானம், மருதமரங்கள், குளக்கட்டு, வயல், களம், கடைசியில் ஆள். கட்டமிட்ட சாரத்தை அப்படியே வயலாக வைத்தால் கட்டக்கோடுகளே வரம்பாகிவிடும். துண்டின் நெசவு இழை அடித்துணியின் இழையோடு ஒரே திசையில் போகவேண்டும், இல்லாவிட்டால் இழுபட்டுச் சுருங்கும். ஒவ்வொரு துண்டிலும் சுற்றி 5 மி.மீ. கூடுதலாக விட்டு, வளைவுகளில் சிறு வெட்டுப் போட்டு, உள்ளே மடித்து, பெரிய நூலோட்டத்தால் பிடித்தபின் 3 மி.மீ. இடைவெளியில் மறைதையல் (நூல் வெளியே தெரியாத தையல்) போடுங்கள். பசை வேண்டாம், ஊசி இறங்காது, நாட்பட மஞ்சள் படும்.

காவற்கொட்டிலின் கிடுகுக் கூரைக்கு 1 செ.மீ. அகலத் தவிட்டுநிறக் கீலங்கள். வேய்வதுபோலவே தாழ்வாரத்திலிருந்து முகட்டை நோக்கி, மேல்வரிசை கீழ்வரிசையை மூடும்படி தைக்கவேண்டும்.

ஆள் உயரம் 7 செ.மீ. வரை இருக்கட்டும். 4 செ.மீ.க்குக் குறைந்தால் கையின் விளிம்பு மடியாது. முகத்தில் கண், வாய் வைக்காதீர்கள். ஒரு இழை தவறினாலும் வேறொருவராகிவிடுவார்; குனிந்த முதுகும் தூக்கிய சுளகுமே ஆளைச் சொல்லும்.

நெற்குவியலுக்கு முடிச்சுத் தையல். ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் வெளிவந்த துளைக்குத் துணியின் ஓரிழை தள்ளி இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு பின்பக்கம் போய்விடும். பதருக்கு ஓரிழையில் குட்டித் தையல்கள், காற்றுப்போக்கில் ஐதாக. நூல் முழங்கை நீளம் போதும், நீண்டால் சிக்கும். துணி சுருக்கம் விழுந்தால் நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள். அந்தத் தையலை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

முடிந்ததும் பஞ்சுத் துவாயின்மேல் குப்புறப் போட்டு ஸ்திரிக்கை பிடியுங்கள், முடிச்சுகள் நசியாது. பின்னால் பழைய வேட்டித்துண்டு வைத்துத் தைத்து, மேலே தடி நுழைய 4 செ.மீ. மடிப்பு விடுங்கள். கண்ணாடி துணியைத் தொட்டபடி சட்டம் போட்டால் மாரியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கறையான் ஏறும் சுவரில் மாட்டவேண்டாம்.